கேபிள், காயில், பழுப்பு, பதினோரு சென்டிமீட்டர்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று நானும் மகளும் சொல்வது. இன்னொன்று என் கணவர் சொல்வது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அங்கே ஒரு பொருளைப் பதியும்போது முதலில் அது என்ன என்று எழுத வேண்டும், பிறகு என்ன வகை, பிறகு நிறம், கடைசியில் அளவு. போல்ட், ஹெக்ஸ், கறுப்பு, எட்டு எம்.எம். பதினாறு வருடம் இப்படியே எழுதி எழுதி மனிதர் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். "டம்ளரு, சில்வரு, பெருசு, எங்க கீது?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்பார். மளிகைச் சீட்டு எழுதினால் "பருப்பு, துவரை, ஒரு கிலோ" என்று இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், "என்னையும் இப்படித்தான் பதிஞ்சு வச்சிருக்கீங்களா? மனைவி, தூத்துக்குடி, குட்டை, கோபம்?" என்று கேட்டேன்.

"ஸ்டாக்ல ஏத்தியாச்சு. இனிமே ரிட்டர்ன் கெடையாது" என்றார்.

பத்து வருடமாக இதை வைத்து அவரைக் கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலி முழுவதையும் நான் வாயை மூடிக்கொண்டு திரும்ப வாங்கிக்கொண்ட ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டரை வயதில் அரசுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்து, வலது காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதின் பின்னால் கொக்கி மாதிரி ஒரு சிறிய மெஷின் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து விரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு வயர். வயரின் முனையில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம், காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும். மெஷின் சத்தத்தை வாங்கி வயர் வழியாக வட்டத்துக்கு அனுப்பும். வட்டம் அதை உள்ளே இருக்கும் கருவியிடம் சேர்க்கும். மூன்றும் சரியாக இருந்தால் அவளுக்கு எல்லாம் கேட்கும். ஒன்று போனாலும் சுத்தமாக ஒன்றுமே கேட்காது.

அந்தச் சத்தத்தைச் சொல்லாக மாற்ற ஐந்து வருடம் ஆனது. வாரத்தில் மூன்று நாள் மேனாம்பேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, பூந்தமல்லியில் இருக்கும் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போவோம். 'அம்மா' என்று சொல்ல அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. அதைச் சொன்ன அன்று பஸ்ஸில் நான் அழுததைப் பார்த்து, கண்டக்டர் டிக்கெட்டைக்கூடக் கையில் கொடுக்காமல் மடியில் வைத்துவிட்டுப் போனார். இன்று அவள் பேசாத பேச்சு இல்லை. மாடி வீட்டுக்காரரிடம் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அதில் எனக்கு ரகசியமாகப் பெருமை உண்டு.

அந்த வருடம் எங்கள் பங்குக் கோயிலில் அவளுக்கு முதல் நற்கருணை, பிள்ளைகள் முதன்முறையாக அப்பம் வாங்கும் நாள். பூசையில் மைக்குக்கு முன்னால் நின்று, நோயாளிகளுக்காக ஒரே ஒரு மன்றாட்டு வாசிக்க வேண்டும் என்று சிஸ்டர் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு வரிதான். அந்த ஒரு வரியை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் நின்று, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள். முடிந்ததும் நானும் அவரும், நாங்கள் எந்த மூலையில் இருந்தாலும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நற்கருணை ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலையில் வயர் போனது.

தலை வாரிக்கொண்டிருந்தேன். "ம்மா, ஆஃப்" என்றாள். பேட்டரி என்று நினைத்து மாற்றினேன். மறுபடி "ஆஃப்" என்றாள். இன்னொரு பேட்டரி போட்டேன். வயரை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு நொடி முகம் மலர்ந்தது, விட்டால் அணைந்தது. பள்ளி வேன் கீழே ஹாரன் அடித்தது. அவள் திரும்பவே இல்லை. 

எப்போதும் ஒரு வயர் கூடுதலாக வைத்திருக்கச் சொல்வார்கள். வைத்திருந்தோம். போன மழைக்காலத்தில் பழையது போனபோது அதை எடுத்து மாட்டினோம். அடுத்ததை வாங்கி வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொன்னதோடு சரி. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

பூந்தமல்லி நிலையத்தில் காதைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் மேடத்துக்குப் போன் செய்தேன். வயர்தான் போயிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். அவரிடம் இரவல் கொடுக்கும் வயர் ஒன்று இருந்தது, அது வேறொரு குழந்தையிடம் போயிருந்தது. மெஷின் கம்பெனியின் நகர அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். அங்கே ஒரு பெண் மரியாதையாகவே பேசினார். மெஷினின் மாடல் பெயரைக் கேட்டார், கணினியில் தட்டினார். "அந்த மாடலுக்கு கேபிள் ஸ்டாக் இல்ல மேடம். பழைய மாடல். ஆர்டர் போட்டா வர ஆறு வாரம் ஆகும்" என்றார்.

ஆறு வாரம்.  முதல் நற்கருணை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு வாரம் ஒன்றும் கேட்காமல் இருந்தால், ஐந்து வருடமாகச் சேர்த்ததில் எவ்வளவு மிஞ்சும்?

இங்கே என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் என் மூக்கு எப்படி உடைந்தது என்று தெரியும். நான் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஏதாவது ஒரு பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுவேன். வேண்டாத குப்பை வந்தால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு விரட்டுவேன். ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கிறேன். வகுப்பின் கடைசியில் கைதட்டுவார்கள்.

அப்படிப்பட்ட நான் அன்று தேடல் பெட்டியில் என்ன தட்டினேன் தெரியுமா? 'காது மெஷின் வயர் அறுந்து போச்சு பிள்ளைக்குக் கேட்கவில்லை என்ன செய்வது.' எழுத்து எழுத்தாக இதேதான். ஒரு தங்கையிடம் போனில் அழுவது மாதிரி அந்தப் பெட்டியிடம் அழுதேன்.

பெட்டியும் தன்னால் ஆன ஆறுதலைச் சொன்னது. முதல் நான்கு முடிவுகள் விளம்பரம், வயதானவர்களுக்கான காது மெஷின். அதற்குக் கீழே குழந்தைக்குக் காது கேட்காமல் போக என்னென்ன காரணம் என்று ஒரு பட்டியல். அதைப் படித்ததும் புதிதாக நாலு நோயை நான் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலே, இப்போதெல்லாம் தானாகவே ஒரு சுருக்கம் வருகிறதே, அது வெகு தைரியமாக, வயரின் மேலுறையைச் சீவி, உள்ளே அறுந்த கம்பியை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றலாம், அல்லது அருகில் இருக்கும் கடையில் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் வைக்கலாம் என்றது. அது ஹெட்போன் வயரைப் பற்றிப் பேசுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. படம் எடுத்துத் தேடலாமே என்று வயரையும் வட்டத்தையும் மேஜையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். யோயோ என்று கயிற்றில் மேலும் கீழும் ஆடும் விளையாட்டுச் சாமான் ஒன்றைக் காட்டியது, கூடவே மூன்று ஹேர் கிளிப்.

வெள்ளியும் இப்படியே போனது. லஞ்ச் இடைவேளையில் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே அழுகையை வேறு வேறு சொல்லில் தட்டினேன். அவள் பள்ளிக்குப் போகவில்லை, பக்கத்து ஃபிளாட் அக்கா பார்த்துக்கொண்டார். முதல் நாள் அவள் குரல் அவளுக்கே கேட்காததால் கூடிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் பேச்சே இல்லை, கையை மட்டும் காட்டினாள். ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றாள், கரண்டியை எடுத்தாள், பிறகு அதை வைத்துவிட்டு வந்து கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சுருக்கம் சொன்னதை நம்பி, வயரைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெருமுனையில் ஒரு போன் ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என் போனின் உடைந்த திரையை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். "இதைக் கொஞ்சம் சால்டர் வச்சுக் குடுங்கண்ணா" என்றேன்.

அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். "இன்னாக்கா இது? போன் வயர் மாதிரி இல்லியே."

சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

"வேணாங்கா. பாப்பா தலையில ஒட்டுற சாமான் இது. இதுல நான் கை வெச்சி, கரண்ட்டு கிரண்ட்டு கூடக்கொறைய போச்சின்னா அப்புறம் நான் சோறு துன்ன முடியாது. ஒரிஜினலே வாங்கிக்க."

"ஒரிஜினல் இல்லங்கிறாங்க."

"எந்த பார்ட் நம்பர சொல்லிக் கேட்டு இல்லன்னானுங்க?"

நம்பரா? நம்பரே எனக்குத் தெரியாது. பழைய பில் இருந்தது, ஆனால் அந்த வழவழ தாளில் எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. அவர், போனின் உள்தகடுகளைப் பார்க்க வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை இழுத்தார். வயரின் ஒரு முனையை அடியில் வைத்துத் திருகினார். பக்கத்துத் திரையில் அது தீப்பெட்டி அளவுக்குப் பெரிதானது. அழுக்கைப் பஞ்சால் துடைத்தார்.

"அக்கா, இங்க பாரு. நம்பர் கீது. எழுதிக்கினியா?"

கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். சரிபார்க்க இரண்டு முறை சொல்லச் சொன்னேன். கடையில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. செய்யத் தெரிந்த வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். தொடக்கூடாத வேலையைத் தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறவரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். 

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு என் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தேன். நம்பர் கையில் இருந்தும் என் விரல்கள் பழைய ஒப்பாரியைத்தான் தட்டின. 'காது மெஷின் வயர்' என்று எழுதி அதன் பின்னால் நம்பரைச் சேர்த்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மே தேடினு கீற?"

"பாத்தா தெரியல? வயர்."

"வயருன்னு ஒரு பொருளே உலகத்துல கெடையாது" என்றார். "எங்க ஸ்டோர்ஸ்ல ஆபரேட்டருங்க வருவானுங்க. அண்ணே, மிசினு நின்னு போச்சி, சத்தம் போடுது, சூப்பர்வைசர் திட்றாரு, ஏதாச்சும் குடுண்ணேன்னு நிப்பானுங்க. பாவந்தான். ஆனா ரேக்குல 'சூப்பர்வைசர் திட்றாரு'ன்னு ஒரு டப்பா கெடையாதே. நீ உன் கஷ்டத்தை தேடுற. பொருளை தேடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளை ஊமையாக உட்கார்ந்திருக்கிறாள், இவர் ரேக்கைப் பற்றி வகுப்பு எடுக்கிறார் என்று தோன்றியது. "அப்ப நீங்களே தேடுங்க" என்று மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அதைத் திருப்பித் தள்ளவில்லை. வயரை எடுத்து, மகளின் பள்ளி ஸ்கேலை வைத்து அளந்தார். மெஷினுடன் வந்த சிறு புத்தகத்தை எங்கிருந்தோ எடுத்து வந்தார். மூன்று வருடமாக நான் திறக்காத புத்தகம். அதில் ஒரு படம், படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கோடு, கோட்டின் முனையில் பெயர். நாங்கள் வட்டம் என்று சொன்னதற்குப் பெயர் காயில். மெஷினுக்குப் பெயர் பிராசஸர். வயருக்குப் பெயர் காயில் கேபிள். அவர் என் நோட்டில் ஆங்கிலத்தில், தன் ஸ்டோர்ஸ் கையெழுத்தில், பொறுமையாக எழுதினார். கேபிள், காயில், பழுப்பு, பதினோரு சென்டிமீட்டர். அடியில் நம்பர்.

"இதை போடு. அதை பண்ணவன் எப்டி பேர் வெச்சானோ, அப்டியே கேட்டாத்தான் அவன் எழுதி வெச்சது வரும்" என்றார்.

எனக்குக் காது மடல் சூடானது. ஆபீசில் ஒரு மணி நேர வகுப்பில் நான் சொல்வது இதைத்தான். கேள்வியைத் தட்டாதீர்கள், பதில் எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்குமோ அந்தச் சொற்களைத் தட்டுங்கள் என்று. மற்றவர்களின் பிழைக்குச் சொல்லிக்கொடுத்ததை, சொந்தப் பிள்ளைக்கு என்று வந்ததும் மறந்துபோயிருந்தேன். மடிக்கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதற்குமேல் நடந்தது என் வேலை.

நம்பரை வெறுமனே போட்டபோது பெட்டி அதைத் துண்டு துண்டாக்கி, பஸ் நேரமும் டி.வி. ரிமோட்டும் காட்டியது. அதையே மேற்கோள்குறிக்குள் போட்டேன். பக்கம் ஒரேயடியாகச் சுருங்கியது. பாதி முடிவுகள் கடைப் பக்கங்கள், எந்த நம்பரைக் கேட்டாலும் இருக்கிறது என்று கூசாமல் சொல்லும் வகை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொற்களைக் கழித்தல் குறி போட்டு விரட்டினேன். மூன்றே மூன்று மிஞ்சின. ஒன்று திறக்கவில்லை. இன்னொன்று என்ன மொழி என்றே தெரியவில்லை. மூன்றாவது ஒரு பி.டி.எஃப்., ஏதோ ஒரு நாட்டுக்காகக் கம்பெனியே போட்ட உதிரிப்பாகப் பட்டியல். நூற்றுக்கணக்கான பக்கம். அதற்குள்ளேயும் எங்கள் நம்பரைத் தேடினேன். ஓர் இடத்தில் மஞ்சளாக எரிந்தது.

எங்கள் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறி, அதற்கப்பால் இன்னொரு நம்பர். விளக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகள் அதற்குத் திரும்பவில்லை.

"நம்பர மாத்திட்டானுங்க. பொருள் அதே பொருள், நம்பர் மட்டும் புச்சு. எங்க ஸ்டோர்ஸ்லயும் இதே கூத்துதான். பழைய நம்பர போட்டு பாத்துட்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லி அனுப்பிடுவோம். பின்னாடி ரேக்குல அதே சாமான் புது நம்பர்ல தூங்கினு கெடக்கும். நானே ரெண்டு வாட்டி அப்டி பண்ணி எம்.டி. கிட்ட வாங்கிக் கட்டிக்கினுகீறேன்."

புது நம்பரை மேற்கோள்குறிக்குள் போட்டேன். இரண்டாவது முடிவாக ஒரு பக்கம் வந்தது. நாக்பூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்ளும் ஒரு மன்றத்தில், நாலு வருடத்துக்கு முன்னால், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில். கீழே ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அதில் அவர் சொல்லியிருந்தது இதுதான்: மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள், பழைய நம்பரைச் சொன்னாலும் இல்லை என்பார்கள், இந்தப் புது நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், இருக்கும். மாட்டும் முன்னால் ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். என்னைப் போல அழுதுகொண்டு திரும்பி வராதீர்கள்.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண், என்னைத் தெரியாது, நான் அவரைப் பார்க்கப்போவதும் இல்லை. தன் பிள்ளையின் வேலை முடிந்ததும் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். போகாமல் உட்கார்ந்து ஆறு வரி எழுதியிருக்கிறார். ஒருவரும் நன்றி சொல்லாமல் நாலு வருடம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. முதல் நன்றியை நான் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் போன் செய்தேன். அதே பெண் குரல். புது நம்பரைச் சொன்னேன். தட்டும் சத்தம் கேட்டது. 

"இருக்கு மேடம். ரெண்டு இருக்கு. ஆனா சாம்பல் கலர்தான்." மறுபடி எதையோ தட்டிப் பார்த்தார். "வியாழக்கிழமை நீங்கதானே பேசுனீங்க? சாரி மேடம். இதுவும் அதுக்குப் பொருந்தும்னு எனக்குத் தெரியாது. சிஸ்டத்துல நோட் போட்டுடறேன், இனி யாரு பழசைக் கேட்டாலும் இதைச் சொல்லுவோம்."

அவரைத் திட்ட வேண்டும் என்று வியாழனிலிருந்து சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. இரண்டையும் எடுத்து வையுங்கள் என்றேன், ரொம்ப நன்றி என்றேன், மறுபடியும் ரொம்ப நன்றி என்றேன்.

அன்று மாலையே நகர அலுவலகத்தில் இரண்டையும் வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மூவரும் பூந்தமல்லி போனோம். ஆடியாலஜிஸ்ட் மேடம் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கணினியில் இணைத்துச் சோதித்தார், சரி என்று தலையாட்டினார். மகளின் காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டினார். வட்டம் டக்கென்று தலையில் ஒட்டிக்கொண்டது. மேடம் எனக்குக் கை காட்டினார்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆறு நாளாக அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை, அந்த அறையிலும் அப்படியே கத்திவிட்டது.

அவள் முகத்தைச் சுளித்தாள். வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா, கத்தாத. கேக்குது."

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெள்ளைக் கவுனில், சாம்பல் நிறக் கேபிள் தெரியாதபடி அதன் மேல் ஒரு பூவைக் குத்திக்கொண்டு, மைக்குக்கு முன்னால் நின்று தன் ஒரு வரியை வாசித்தாள். கொஞ்சம் வேகமாகத்தான் வாசித்தாள். கோயில் முழுக்கப் பதில் சொன்னது. அவள் தலையைச் சாய்த்து அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். நாங்கள் சத்தமாகச் சொன்னோமா என்று சரிபார்க்கிறாள் என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். சாயங்காலம் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு போன் ரிப்பேர் கடைக்குப் போனோம். அவர் மைக்ராஸ்கோப்பை நகர்த்தி வைத்துவிட்டு, "பாப்பா, அந்த மன்றாட்ட எனக்கு ஒருதபா சொல்லு" என்றார். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் நான் அதே மன்றத்தில் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். நாக்பூர் அம்மா செய்ததை நானும் செய்ய வேண்டும் என்றிருந்தது. தலைப்பில்தான் தகராறு. பெயரும் நம்பரும் இருந்தால்தான் தேடல் பெட்டிக்குப் புரியும் என்றார் அவர். ஒத்துக்கொண்டேன், அதெல்லாம் உள்ளே இருக்கிறது, பழைய நம்பர், புது நம்பர், நீளம், நிறம், ஆடியாலஜிஸ்டிடம் காட்டாமல் மாட்டாதீர்கள், கடையில் கொடுத்து சால்டர் வைக்காதீர்கள் என்பது வரை.

"ஆனா தலைப்பு நான் தட்டினதுதான்" என்றேன்.

"அதான் தப்பா தேடினியே."

"நான் தப்பாத் தேடினேன்னா, என்னை மாதிரி அடுத்தவளும் தப்பாத்தானே தேடுவா? அவளுக்கு யாரு காயில் கேபிள்னு சொல்லிக் குடுப்பா? அவ பக்கத்துல ஸ்டோர்ஸ்காரர் உக்காந்திருக்க மாட்டாரு."

தலைப்பை ஒருமுறை படித்துப் பார்த்தார். "சரி, போடு. ரேக்குல அப்டி ஒரு டப்பா இருந்துட்டு போவட்டும்" என்றார்.

அப்படியே போட்டேன். 'காது மெஷின் வயர் அறுந்து போச்சு, பிள்ளைக்குக் கேட்கவில்லை, என்ன செய்வது.'

எட்டு மாதம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துபோனேன். போன மாதம் ஒரு நாள், ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் ஒருவர் பதில் எழுதியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. செய்யாறு பக்கத்திலிருந்து ஓர் அப்பா. கட்டட வேலை பார்க்கிறவராம். பிள்ளைக்கு வயர் அறுந்து நாலு நாள் ஆயிற்றாம். போனில் என்ன தட்டுவது என்று தெரியாமல் மனதில் இருந்ததை அப்படியே தட்டினாராம், முதலிலேயே என் பக்கம் வந்ததாம். கம்பெனி அலுவலகத்தில் நம்பரைச் சொல்லிக் கேட்டாராம். சிஸ்டத்தில் நோட் இருக்கிறது என்று அவர்களே சொன்னார்களாம்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. 'நேத்து மாட்டினோம் மேடம். சத்தம் போடாதப்பான்னு என்னையத் திட்டுறான்.'

டீயை அப்படியே வைத்துவிட்டு, கணவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். பின்னால் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்டது. அவர் வெளியே நடந்து வந்தார், அந்தச் சத்தம் குறைந்தது.

"இன்னொரு வாட்டி படி" என்றார். "கடைசி வரிய மட்டும்."